அந்த 2 விழுக்காட்டைச் சட்டத்தில் எழுதுவது எப்படி

20 குச்சி கொண்ட ஒரு சிகரெட் பெட்டியை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் 2023 பிப்ரவரி 14 அன்று புகையிலைத் தீர்வை 15 விழுக்காடு உயர்ந்தபோது, குச்சி ஒன்றுக்கான தீர்வை 49.1 காசு ஆனது. பெட்டிக்குக் கணக்குப் போட்டால் 9 வெள்ளி 82 காசு. இந்தப் பணம் முழுவதும் அரசின் பொதுக் கணக்கில் சேர்கிறது. இதில் 2 விழுக்காட்டை மக்கள் நலத்துக்கென்று தனியே எடுத்துவைப்பதாக வைத்துக்கொள்வோம். இங்கே அப்படி ஒரு திட்டம் கிடையாது, கணக்குக்காக மட்டும்தான். ஏறத்தாழ 20 காசு வரும்.

அந்த 20 காசை இரண்டு விதமாக எடுக்கலாம். 9.82 வெள்ளிக்குள்ளிருந்தே எடுத்தால் நிதி அமைச்சுக்குப் பெட்டிக்கு 20 காசு குறையும். 9.82 வெள்ளியைத் தொடாமல், அதற்கு மேல் தனியாக வாங்கினால் நிதி அமைச்சுக்கு ஒரு காசும் குறையாது. இறக்குமதியாளர் 10 வெள்ளி 2 காசு கட்டுவார், கடைசியில் அது புகைப்பவரின் சட்டைப்பையிலிருந்து வரும். முதல் வழியைச் சொன்னால் எந்த நாட்டு நிதி அதிகாரியும் கோப்பை மூடிவிடுவார். இரண்டாவதைச் சொன்னால் குறைந்தது உட்கார்ந்து பேசுவார். சுகாதார மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்க ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குக் கைகொடுக்கும் வேலையில் பாதி இந்த வேறுபாட்டை விளக்குவதிலேயே போகிறது. மறுபாதி வேலை சட்டம் நிறைவேறிய மறுநாள் காலையில்தான் தொடங்குகிறது. உதவ வந்தவர்களில் பலர் அதற்குள் ஊருக்குப் போய்விடுகிறார்கள் என்பதுதான் என் பெரிய மனக்குறை.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். தமிழில் ‘அறக்கட்டளை’ என்றதும் செல்வந்தர் ஒருவர் எழுதிவைத்த சொத்து, கோயில் திருப்பணி, ஏழை மாணவர் படிப்புச் செலவு என்றுதான் மனம் போகும். இங்கே பேசுவது அதுவல்ல. நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்து, சட்டத்திலேயே நிலையான வருமானம் குறிக்கப்பட்டு, தனக்கென ஓர் ஆட்சிக்குழுவோடு, நோய் வருமுன் காக்கும் வேலைக்கு மட்டுமே மானியம் வழங்கும் பொது அமைப்பு. மருத்துவமனை கட்டாது, மருந்து வாங்காது. சுகாதார அமைச்சால் எளிதில் தொட முடியாத இடங்களுக்கு, அதாவது பள்ளிக்கூடம், விளையாட்டுச் சங்கம், தொழிற்சாலை, நகர மன்றம், வழிபாட்டிடம் ஆகியவற்றுக்கு, பணத்தோடு போகும்.

தொடக்கம் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில். 1987ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் இரண்டு காரியங்களை ஒரே கையால் செய்தது. புகையிலை விளம்பரத்துக்கும் நிதியாதரவுக்கும் கட்டுப்பாடு போட்டது. அதே சட்டத்தில் புகையிலை விற்பனை மீதான மாநிலக் கட்டணத்தோடு 5 விழுக்காடு சேர்த்து வசூலித்து விக்ஹெல்த் என்ற அமைப்பை உருவாக்கியது. இந்த இணைப்பை அரசியல் கெட்டிக்காரத்தனம் என்று மட்டும் பார்த்துவிடக் கூடாது. அப்போது காற்பந்துக் குழுக்களும் கிரிக்கெட் சங்கங்களும் சிகரெட் நிறுவனங்களின் பணத்தில் ஓடிக்கொண்டிருந்தன. விளம்பரத்தைத் தடுத்தால் முதலில் தெருவுக்கு வந்து கத்தப்போவது அவர்கள்தாம். ‘போகிற பணத்துக்கு ஈடாக இதோ பணம், சட்டையில் சிகரெட் பெயருக்குப் பதில் புகைப்பதை நிறுத்தச் சொல்லும் செய்தியைப் போடுங்கள்’ என்று சொல்ல முடிந்ததால் எதிர்க்க வேண்டியவர்கள் ஆதரவாளர்கள் ஆனார்கள். நிதியில் குறைந்தது 30 விழுக்காடு விளையாட்டு அமைப்புகளுக்கு, குறைந்தது 30 விழுக்காடு சுகாதார மேம்பாட்டுக்கு என்று சட்டமே எழுதிவைத்தது. ஆட்சிக்குழுவில் மூன்று இடங்கள் மாநில நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு. ஆட்சி மாறினாலும் அமைப்பை மூட மனம் வராதபடி எல்லாக் கட்சிகளையும் உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள். மேற்கு ஆஸ்திரேலியா இதைப் பார்த்து 1991இல் ஹெல்த்வே என்ற அமைப்பைத் தொடங்கியது.

வெளிநாட்டவர் பார்க்க வரும்போது பெரும்பாலும் காட்டப்படாத பக்கம் ஒன்றும் உண்டு. 1997 ஆகஸ்டில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், மாநிலங்கள் வசூலித்துவந்த அந்தப் புகையிலைக் கட்டணம் உண்மையில் கலால் வரிதான், அரசமைப்பின் 90ஆம் பிரிவுப்படி அதை விதிக்கும் உரிமை மத்திய அரசுக்கு மட்டுமே உண்டு என்று தீர்ப்பளித்தது. ஒரே நாளில் அடித்தளம் போனது. அதன்பின் விக்ஹெல்த் மாநிலக் கருவூலத்திலிருந்து வரும் ஒதுக்கீட்டில் நடக்க வேண்டியதாயிற்று. பத்து ஆண்டுகளில் அது பெற்றிருந்த நல்ல பெயர்தான் காப்பாற்றியது. இன்றைக்குப் புதிதாக அறக்கட்டளை தொடங்க நினைக்கும் நாட்டுக்குப் போகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘உங்கள் ஊரில் எத்தனை பேர் புகைக்கிறார்கள்’ என்பதல்ல. ‘உங்கள் அரசமைப்பில் இந்த வரியைப் போடும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது, வரிப்பணத்தைப் பொதுக் கணக்குக்குப் போகாமல் திருப்பிவிட அனுமதி உண்டா’ என்பது. இதற்குப் பதில் சொல்ல மருத்துவரால் முடியாது. தலைமைச் சட்ட அதிகாரியின் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

விக்டோரியாவின் அனுபவத்தை ஆழமாகப் படித்துத் தன் மண்ணுக்கேற்ப மாற்றிய நாடு தாய்லாந்து. அவர்களுக்கு ஒரு முன்கதை இருந்தது. அமெரிக்க சிகரெட்டுகளுக்குச் சந்தையைத் திறந்துவிடச் சொல்லி வந்த வழக்கில் 1990இல் காட் என்ற உலக வணிக ஒப்பந்த அமைப்பு தாய்லாந்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனால் உள்நாடு, வெளிநாடு என்று பாகுபாடு காட்டாத சுகாதார நடவடிக்கைகளை எடுக்கலாம் என்றும் சொன்னது. அந்தப் போராட்டத்தில் மருத்துவர்களும் வரி அதிகாரிகளும் ஒரே மேசையில் உட்காரப் பழகியிருந்தார்கள். 2001இல் தாய்ஹெல்த் என்ற அறக்கட்டளையை அமைக்கும் சட்டம் வந்தபோது அந்தப் பழக்கம் கைகொடுத்தது.

சட்டத்தின் உயிர் அதன் நிதிப் பிரிவில். மது, புகையிலைக் கலால் வரியில் 2 விழுக்காடு கூடுதல் கட்டணம். வரிக்குள்ளிருந்து அல்ல, வரிக்கு மேல். 100 பாட் கலால் கட்ட வேண்டிய உற்பத்தியாளர் 102 பாட் கட்டுவார். வசூலிப்பது அதே கலால் துறையும் சுங்கத் துறையும். தனியாக ஒரு வசூல் படை தேவையில்லை. அந்த 2 பாட் வரவுசெலவுத் திட்ட விவாதத்துக்குள் நுழையாமல் நேரே நிதியத்துக்குப் போகும். ஆண்டுக்கு ஏறத்தாழ 400 கோடி பாட் இப்படி வந்து சேர்கிறது. ஆட்சிக்குழுவுக்குத் தலைவர் பிரதமர். சுகாதார அமைச்சர் துணைத் தலைவர்களில் ஒருவர். மற்ற அமைச்சுகளின் அதிகாரிகளும் வெளியிலிருந்து வரும் துறை வல்லுநர்களும் உறுப்பினர்கள். ஆட்சிக்குழுவிலிருந்து பிரிந்து நிற்கும் மதிப்பீட்டுக் குழு ஒன்றையும் அதே சட்டம் அமைத்தது. பணம் கொடுப்பவரே தன் வேலைக்கு மதிப்பெண் போடக் கூடாது என்பதற்காக.

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டியது, தாய்லாந்து 2015, 2016இல் பட்ட பாடு. ‘சுகாதாரம்’ என்பதற்குச் சட்டம் தந்த விளக்கம் மிக அகலமானது. உடல், மனம், சமூகம், மெய்யறிவு எல்லாம் அடக்கம். அந்த அகலம்தான் தாய்ஹெல்த்துக்குப் பல கதவுகளைத் திறந்தது. ஆனால் தணிக்கையாளர்கள் வந்து, ‘இந்தப் புத்தக விழாவுக்கும் சுகாதாரத்துக்கும் என்ன தொடர்பு, இந்தச் சமய நிகழ்ச்சிக்கு ஏன் பணம்’ என்ற வகையில் கேட்டபோது, அதே அகலம் பலவீனமாகத் தெரிந்தது. மானியங்கள் முடங்கின. 2016 ஜனவரியில் இராணுவ அரசு ஆட்சிக்குழு உறுப்பினர் எழுவரைப் பொறுப்பிலிருந்து அகற்றியது. இதில் அதிகம் அடிபட்டது தலைமையகமல்ல. அடுத்த தவணையை நம்பி இரண்டு மூன்று பேருக்குச் சம்பளம் கொடுத்துவந்த சின்னச் சின்னத் தொண்டூழிய அமைப்புகள்தாம்.

ஆகவே சட்ட வரைவில் விளக்கப் பிரிவை அகலமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்குக் கீழே எந்தச் செலவு செல்லும், எது செல்லாது என்று விதிகளின் அட்டவணை ஒன்று வேண்டும். அதை அமைப்பு பிறந்த முதல் ஆண்டிலேயே தணிக்கைத் துறையோடு உட்கார்ந்து எழுத வேண்டும். தணிக்கையாளர் கேள்வி கேட்ட பிறகு எழுதினால் அது விளக்கமாகப் படாது, சாக்காகப் படும்.

பணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதிலும் நாடுகள் தங்களுக்குத் தாங்களே குழி தோண்டிக்கொண்ட வரலாறு உண்டு. தென்கொரியா 1995இல் தேசியச் சுகாதார மேம்பாட்டுச் சட்டம் கொண்டுவந்து பெட்டிக்கு இத்தனை வொன் என்று நிர்ணயித்தது. 2004 இறுதியில் அது 354 வொன் ஆனது. 2015இல் 841 வொன் ஆகும்வரை, பத்தாண்டுகள், அப்படியே நின்றது. விலைவாசி ஏறியது, கட்டணம் ஏறவில்லை. நிலையான தொகை கணக்கிட எளிது, ஏமாற்ற அரிது, ஆனால் ஆண்டுதோறும் தானாக உயரும் என்ற வாக்கியம் ஒன்றைச் சட்டத்தில் சேர்க்காவிட்டால் கரைந்துபோகும். கொரியாவின் இன்னொரு பாடம் இன்னும் கசப்பானது. நிதியின் பெரும்பகுதி தேசிய மருத்துவக் காப்புறுதிக்கு மானியமாகப் போனது. நோய் வந்த பிறகான செலவு எப்போதுமே அவசரமானது, வருமுன் காப்பது எப்போதுமே ஆறப்போடக்கூடியது. இன்ன செலவுக்கு மட்டுமே என்று வேலி போடாத நிதி, அவசரத்தின் பக்கம் சாய்ந்துவிடும்.

வியட்நாம் வேறு வழியில் போனது. 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி புகையிலைத் தடுப்பு நிதியம் தொடங்கி, நிறுவனங்களின் கட்டாயப் பங்களிப்பை 2013 மே மாதத்தில் 1 விழுக்காடு, 2016 மே மாதத்தில் 1.5, 2019 மே மாதத்தில் 2 என்று படிப்படியாக ஏற்றியது. மூன்று படிகளும் முதல் நாளே சட்டத்தில் எழுதப்பட்டவை. ஒவ்வொரு உயர்வுக்கும் மறுபடி நாடாளுமன்றப் படியேற வேண்டாம். இது யாரும் எடுத்துக்கொள்ளத்தக்க நல்ல உத்தி. ஆனால் அந்த விழுக்காடு எதன் மீது என்று பார்க்க வேண்டும். கலால் வரியின் மீதல்ல, வரி கணக்கிட அடிப்படையான ஆலை விலையின் மீது. ஆலை விலையை அறிவிப்பது உற்பத்தியாளர். அவர் விலையைக் குறைத்துக் காட்ட வழியிருந்தால் பங்களிப்பும் அதோடு குறையும்.

லாவோஸ் கதை நெஞ்சைச் சுடுவது. 2013இல் அரசாணை, பெட்டிக்கு 200 கிப், நிறுவன லாபத்தில் 2 விழுக்காடு என்று அழகாக எழுதியது. ஆனால் 2001இலேயே புகையிலைக் கூட்டு நிறுவனம் ஒன்றோடு அரசு 25 ஆண்டு முதலீட்டு ஒப்பந்தம் போட்டிருந்தது. வரியைக் குறைவாகவே வைத்திருக்கும் வாக்குறுதி அதில் இருந்தது. அந்த ஒப்பந்தத்தைக் காட்டிப் பணம் கட்டுவது ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது. உதவப்போகும் நாடு, வரைவுக்குப் பேனாவை எடுக்கும் முன் வாங்கிப் பார்க்க வேண்டிய தாள் அந்த முதலீட்டு ஒப்பந்தம். அது சுகாதார அமைச்சில் இருக்காது. திட்டமிடல், முதலீட்டு அமைச்சில் இருக்கும். பல நாடுகளில் சுகாதார அதிகாரிகள் அதைக் கண்ணால் கண்டதே இல்லை.

ஜொகூர்ப் பாலத்துக்கு அப்பாலும் ஒரு கதை உண்டு. மலேசியா 2006இல் சட்டம் இயற்றி 2007இல் மைசிஹாட் என்ற வாரியத்தைத் தொடங்கியது. விக்டோரியா போலவே விளையாட்டு, கலை, சமூக அமைப்புகளுக்கு மானியம் தருவதுதான் நோக்கம். வருமானத்துக்கு மட்டும் கூடுதல் கட்டணம் இல்லை, அரசின் ஆண்டு மானியம். 2019இல் அதைக் கலைக்கும் சட்டம் வந்தது, வேலைகள் சுகாதார அமைச்சுக்குள் போயின. மைசிஹாட்டில் உழைத்தவர்களின் திறமையிலோ ஆர்வத்திலோ குறை இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆண்டுதோறும் கை நீட்டி நிற்க வேண்டிய அமைப்பை, ‘இதை அமைச்சே செய்துவிடலாமே’ என்ற ஒரு வாக்கியத்தில் மூடிவிட முடிகிறது. 2 விழுக்காடு சட்டத்தில் இருந்திருந்தால் அதை மூட நினைத்தவர், வரியையும் திருத்த வேண்டியிருந்திருக்கும். அது அவ்வளவு எளிதல்ல.

நாடுகளுக்கு இடையிலான துணை என்றால் யார் யாருக்கு என்ன செய்கிறார்கள்? 1999இல் சுகாதார மேம்பாட்டு அறக்கட்டளைகளின் அனைத்துலகக் கட்டமைப்பு ஒன்று உருவானது. ஆஸ்திரேலியர்கள், சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, கொரியா, பின்னர் தாய்லாந்து என்று அனுபவம் பகிர்ந்தார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் மேற்குப் பசிபிக் அலுவலகம் புரோலீட் என்ற தலைமைத்துவப் பயிற்சியை நடத்தியது. தென்கிழக்காசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுக் கூட்டமைப்பு பாங்காக்கிலிருந்து வரிக் கணக்கும் சட்ட வரைவும் செய்ய ஆள் அனுப்பியது. டோங்கா தன் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் அறக்கட்டளை தொடங்கியபோது, அரசுப் பணத்தோடு ஆஸ்திரேலிய உதவிப் பணமும் சேர்ந்தது. இவற்றுக்கெல்லாம் மேலே உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை இருக்கிறது. 2005இல் நடப்புக்கு வந்தது. அதன் 6ஆம் பிரிவு வரி, 26ஆம் பிரிவு நிதி ஆதாரம், 5.3ஆம் பிரிவு புகையிலைத் தொழிலின் தலையீட்டுக்குத் தடை.

அந்த 5.3ஐப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். 2017 செப்டம்பரில் பிலிப் மோரிஸ் நிறுவனம் ஆண்டுக்கு 8 கோடி அமெரிக்க டாலர் தருவதாகச் சொல்லி ‘புகையற்ற உலகம்’ என்ற பெயரில் ஓர் அறக்கட்டளை பிறந்தது. உலகச் சுகாதார நிறுவனம் அதனோடு சேரமாட்டோம் என்று உடனே அறிவித்தது, அரசுகளும் சேர வேண்டாம் என்றது. பெயரில் ‘அறக்கட்டளை’ இருந்தது, பேச்சில் ‘சுகாதாரம்’ இருந்தது, பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் வேறுபாடு. புதிதாகத் தொடங்கும் சின்ன நாட்டின் செயலகத்துக்கு முதல் ஆறு மாதத்தில் இப்படிப்பட்ட கடிதம் ஏதாவது ஒரு வடிவில் வரும். நேரடியாக வராது. ஆய்வு மானியம், விவசாயிகள் மாற்றுப்பயிர்த் திட்டம், கருத்தரங்குப் பயணச் செலவு என்று வரும். ஆட்சிக்குழு உறுப்பினர், பணியாளர், மானியம் கேட்பவர், மானியத்தை மதிப்பிடுபவர் ஆகிய நான்கு தரப்பும் புகையிலை, மது நிறுவனங்களோடு கடந்த ஐந்து ஆண்டுகளில் தொடர்பில்லை என்று கையெழுத்திடும் ஒரு பக்கத் தாளை முதல் நாளே தயாராக வைத்துக்கொள்வதே வழி. நான்காவது தரப்பைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து, கல்விப் பயணம். ஒரு நாட்டிலிருந்து எட்டுப் பேர் பாங்காக்குக்கோ மெல்பர்னுக்கோ போகிறார்கள் என்றால், வழக்கமான பட்டியலில் ஏழு பேர் மருத்துவர்களாகவும் சுகாதார அதிகாரிகளாகவும் இருப்பார்கள். அவர்களுக்கு அறக்கட்டளை நல்லது என்று ஏற்கெனவே தெரியும், போய் மறுபடி நம்பிவிட்டு வருவார்கள். இருக்க வேண்டிய பட்டியல் வேறு. நிதி அமைச்சின் வரிக் கொள்கைப் பிரிவிலிருந்து இருவர், கலால் அல்லது சுங்கத் துறையிலிருந்து ஒருவர், சட்ட வரைவாளர் ஒருவர், ஆளும் கட்சியிலும் எதிர்க்கட்சியிலும் தலா ஒரு நாடாளுமன்ற உறுப்பினர், விளையாட்டு அமைச்சிலிருந்து ஒருவர், கடைசியாகச் சுகாதார அமைச்சிலிருந்து ஒருவர். பயணத்தின் முதல் அரை நாள் அறக்கட்டளையின் வண்ணமயமான காணொளிக்கு அல்ல, கலால் துறையின் கணக்குப் பிரிவுக்கு. உற்பத்தியாளர் கட்டும் படிவத்தில் அந்த 2 விழுக்காடு எந்தக் கட்டத்தில் எழுதப்படுகிறது, பணம் எத்தனை நாளில் நிதியத்தின் கணக்குக்கு நகர்கிறது, தாமதமானால் யார் யாரைக் கூப்பிடுகிறார், தண்டம் உண்டா. நிதி அதிகாரி இந்தப் படிவத்தைக் கையில் பிடித்துப் பார்த்ததும் ‘இது நடக்காது’ என்ற வாக்கியம் ‘இதை எங்கள் படிவத்தில் எங்கே சேர்ப்பது’ என்று மாறும்.

நிதி அமைச்சின் எதிர்ப்பை மடமை என்று தள்ளிவிடக் கூடாது. அவர்கள் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. தாய்லாந்தில் தாய்ஹெல்த்துக்குப் பின் பொதுத் தொலைக்காட்சிக்கு 1.5 விழுக்காடு, விளையாட்டு வளர்ச்சி நிதிக்கு 2 விழுக்காடு என்று அதே மது, புகையிலை வரிமேல் வரிசை நின்றது. ‘ஒருவருக்குக் கதவைத் திறந்தால் எல்லாரும் வருவார்கள்’ என்று அவர்கள் சொன்னது நடந்துவிட்டது. இதற்கு நேர்மையான பதில், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தில் மறுஆய்வு, செலவழியாத பணத்துக்கு ஓர் உச்சவரம்பு, ஆண்டறிக்கையை நிதி அமைச்சருக்கும் அனுப்புதல். உச்சவரம்பை அறக்கட்டளை ஆதரவாளர்கள் தோல்வியாக எண்ணுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வங்கியில் பணம் குவிந்துகிடக்கும் செய்தி ஒருமுறை நாளிதழில் வந்தாலே அமைப்புக்கு ஆபத்து.

பணம் குவிவது கற்பனையல்ல. வரி முதல் மாதத்திலிருந்தே வரத் தொடங்கும், ஆனால் மானியம் கொடுக்க ஆளும் விதியும் தயாராக ஓராண்டு, ஒன்றரை ஆண்டு ஆகும். அந்த இடைவெளியில் இரண்டு தவறுகள் நடக்கும். ஒன்று, அவசரமாக ஒரு பெரிய தொலைக்காட்சி விளம்பரத்துக்கு அள்ளிக் கொடுத்துவிடுவது. மற்றது, நிதியாண்டு முடிவில் செலவழியாத பணம் கருவூலத்துக்கே திரும்பிப் போவது. இரண்டாவதைத் தடுக்க, மீதி அடுத்த ஆண்டுக்குத் தொடரும் என்று சட்டத்தில் ஒரு வரி போதும். முதலாவதைத் தடுக்க, மானியங்களை அளவுவாரியாகப் பிரித்து, சிறியவற்றை முதலில் திறக்க வேண்டும். மூன்று பக்க விண்ணப்பம், ஒரு மாதத்தில் முடிவு, இரண்டு தவணை. பெரிய திட்டங்களுக்கு மூன்று தவணை: தொடக்கத்தில் நூற்றுக்கு 40, இடைக்கால அறிக்கைக்குப் பின் 40, கணக்கு முடித்த பின் 20. கடைசித் தவணையை 20க்கு மேல் வைத்தால் சிறிய அமைப்புகள் கடன் வாங்கி நடத்த வேண்டி வரும், 10க்குக் கீழ் வைத்தால் கடைசி அறிக்கை வரவே வராது.

எதைக் கொண்டுபோகலாம், எதை விட்டுவிட வேண்டும் என்பதற்கு ஒரு சான்று. தாய்லாந்தில் புத்த பிக்குகளின் மழைக்காலத் தவம் மூன்று மாதம் நீள்வது. அந்த மூன்று மாதமும் மது வேண்டாம் என்ற இயக்கம் 2003இலிருந்து தாய்ஹெல்த் துணையோடு நடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தவர்கள் சுவரொட்டியைப் படம் பிடித்துப்போய்த் தங்கள் ஊரில் ‘மூன்று மாத மது ஒழிப்பு’ என்று ஒட்டினால் ஒன்றும் நடக்காது. வெற்றிக்குக் காரணம் சுவரொட்டியல்ல. மக்கள் ஏற்கெனவே மதித்த ஒரு காலத்தை தாய்ஹெல்த் தேடிக் கண்டுபிடித்தது. நம்மவர்களிடையே தேடினால், ஐயப்பனுக்கு மாலை போட்டு 41 நாள் இருக்கும் மண்டல விரதம் இருக்கிறது. சிகரெட்டையும் மதுவையும் அந்த 41 நாள் தொடாதவர்கள் சிங்கப்பூரிலும் உண்டு. மாலை கழற்றும் நாளில் அவர்களுக்கு யார் என்ன சொல்கிறார்கள், மறுநாள் யார் தொலைபேசியில் அழைக்கிறார்கள் என்பதுதான் மானியம் போக வேண்டிய இடம். 41ஆம் நாள் வரை பக்தி பார்த்துக்கொள்ளும்.

சிங்கப்பூருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். தாய்ஹெல்த் பிறந்த அதே 2001இல்தான் இங்கே சுகாதார மேம்பாட்டு வாரியமும் பிறந்தது. ஆனால் இது சுகாதார அமைச்சின் கீழுள்ள ஆணைபெற்ற கழகம், செலவுக்குப் பணம் அரசு வரவுசெலவிலிருந்து. அரசின் நிதிநிலையும் நிர்வாகமும் உறுதியாக இருப்பதால் இங்கே அது நடக்கிறது. இதை அப்படியே எடுத்துப்போய்க் கருவூலம் ஆண்டுக்கு ஆண்டு ஆட்டம் காணும் நாட்டில் நட்டால் மைசிஹாட்டுக்கு ஆனதுதான் ஆகும். ஆகவே உதவி கேட்டு வருபவர்களிடம் நம்மவர்கள் முதலில் தெளிவாகச் சொல்ல வேண்டும்: நிதிப் பிரிவுக்கு பாங்காக் போங்கள்.

இங்கே கற்றுக்கொள்ளத் தக்கது வேறு. தேக்கா நிலையத்தில் ஒரு தே தாரிக் வாங்கும்போது, பானங்களுக்கு ‘ஏ’ முதல் ‘டி’ வரை தரம் போடும் நியூட்ரி-கிரேட் திட்டம் பற்றி யோசித்துப் பாருங்கள். 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் ‘டி’ தரம், அந்தப் பானத்தை விளம்பரப்படுத்த முடியாது. 250 மில்லிலிட்டர்க் கோப்பை என்றால் 25 கிராமுக்கு மேல், தேக்கரண்டியில் ஆறுக்கு மேல். திட்டம் 2019 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. அடைத்து விற்கும் பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 அன்றும், உடனுக்குடன் கலக்கும் பானங்களுக்கு 2023 டிசம்பர் 30 அன்றும் நடப்புக்கு வந்தது. அறிவிப்புக்கும் நடப்புக்கும் இடையில் மூன்று ஆண்டு. அந்த மூன்று ஆண்டில்தான் உற்பத்தியாளர்கள் தங்கள் கலவையை மாற்றினார்கள். அடைத்து விற்கும் பானங்களின் சர்க்கரை அளவில் நடுமதிப்பு 2017இல் 7.1 விழுக்காடு, 2023இல் 4.6 விழுக்காடு. காலக்கெடுவை எங்கே வைப்பது, அளவுகோலை எந்த எண்ணில் வெட்டுவது, கடைக்காரருக்கு எந்த மொழியில் விளக்குவது என்ற நுட்பங்கள் இந்த வாரியத்தின் கைப்பழக்கம். புதிய அறக்கட்டளை தன் மூன்றாம் நான்காம் ஆண்டில் இவற்றுக்காகத்தான் தவிக்கும்.

வெளியுறவு அமைச்சு 1992இலிருந்து நடத்தும் சிங்கப்பூர் ஒத்துழைப்புத் திட்டத்தில் உலகெங்கிலுமிருந்து அதிகாரிகள் பயிற்சிக்கு வருகிறார்கள். ஓர் அறக்கட்டளைச் சட்டம் வரைவில் இருக்கும் நாட்டிலிருந்து வருபவர்களுக்கென்று ஒரு வகுப்பை இப்படி அமைக்கலாம். முதல் வாரம் பாங்காக்கில், கலால் படிவமும் மதிப்பீட்டுக் குழுவின் கோப்புகளும். இரண்டாவது வாரம் இங்கே, அளவுகோல், காலக்கெடு, நான்கு மொழிச் செய்தி. பிறகு ஊர் திரும்பியவர்களுக்கு 18 மாதம், மாதம் ஒரு காணொளி அழைப்பு. சட்டம் நிறைவேறிய நாளோடு நிறுத்தாமல், முதல் தணிக்கை அறிக்கை வந்து அதற்குப் பதில் எழுதி முடியும் வரை. இருக்கை இருபது இருந்தால், எட்டு கலால் துறைக்கும் நிதி அமைச்சுக்கும். மீதியில் குறைந்தது இரண்டு தணிக்கைத் துறையிலிருந்து வருபவர்களுக்கு.